மூன்றடிக்கு ஐந்தடி டெல்பினா

மின்விசிறி ஓடாத ஊராட்சிக் கூடத்தில், ஒரு சனிக்கிழமை காலை, பயிற்சியாளர் லெமுவேல் முப்பத்திரண்டு பேரை அழவைத்தார். டெல்பினாவும் அழுதாள். பக்கத்து நாற்காலிக்காரி அழும்போது சும்மா உட்கார்ந்திருப்பது மரியாதையாக இருக்காது.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பெரியவர்களுக்கான வகுப்பு அது. கடைசியில் ஒரு தேர்வு; தேறினால் பள்ளி இறுதிச் சான்றிதழ். சந்தையில் கருவாடு விற்கும் டெல்பினாவுக்கு வயது நாற்பத்து மூன்று. ஏற்கெனவே இரண்டு முறை பெயர் கொடுத்து, இரண்டு முறையும் தேர்வுக்கு முன்பே கழன்று கொண்டவள். இந்த மாதிரி ஆட்களைக் கடைசிவரை ஓடவைப்பதற்கென்றே லெமுவேலை டுமகெட்டே நகரத்திலிருந்து தருவித்திருந்தார்கள். கன்னத்தை ஒட்டி வளைந்த மைக், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கூடத்தின் வாசலில் அவர் முகம் மட்டும் ஆறடி உயரத்துக்கு ஃபிளெக்ஸில் சிரித்துக்கொண்டிருந்தது.

"இலக்கு வச்சாப் போதாது. ஏன் வச்சீங்கன்னு தெரியணும். அந்த 'ஏன்'ஐ நெனச்சாக் கண்ணுல தண்ணி வரணும். வரலைன்னா அது உங்க 'ஏன்' இல்ல" என்றார் லெமுவேல்.

ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். முப்பத்திரண்டு பேரும் 'என் பிள்ளைகளுக்காக' என்று எழுதினார்கள். கல்யாணமே ஆகாத டிரைசைக்கிள் ஓட்டி ஒருவன்கூட, இனி பிறக்கப்போகும் பிள்ளைகளுக்காக என்று எழுதினான். 'எனக்காக' என்று எழுதுவது, அந்த ஊரில், பாதிரியார் சாப்பிட உட்காரும் முன்பே பன்றிக் கறியில் கை வைப்பதற்குச் சமம்.

சிக்கல் என்னவென்றால், பிள்ளைகளுக்கு அது தேவைப்படவில்லை. மகள் கத்தாரில் ஒரு ஓட்டலில் வேலை பார்க்கிறாள். மகன் செபுவில் கப்பல் பட்டறையில் இருக்கிறான். "இந்த வயசுல எதுக்கும்மா? முட்டி வலிக்குதுன்னு வேற சொல்ற. பேசாமத் தூங்கு" என்றாள் மகள், வீடியோ அழைப்பில். பயனாளிகளே பயனை மறுத்துவிட்டார்கள். புதன்கிழமைக்குள் டெல்பினாவின் இயற்கணிதப் புத்தகம் கருவாட்டில் உட்காரும் ஈயை விரட்டும் வேலைக்கு மாற்றலாகியிருந்தது.

வியாழன் மாலை அவள் வீடு திரும்பும்போது எதிர்வீட்டு கேட்டில் ஃபெலிசா ஏணி போட்டு நின்றிருந்தாள். டெல்பினாவின் கணவர் கிரிசாந்தோவின் அண்ணன் மனைவி. ஓரகத்தி என்றால் என்ன என்பதற்கு அகராதியில் படம் போட வேண்டுமென்றால் ஃபெலிசாவைக் கேட்கலாம். மறுக்கமாட்டாள்.

அந்த ஊரில் யார் எதில் தேறினாலும் வீட்டு வாசலில் ஃபிளெக்ஸ் தொங்கவேண்டும். ஃபெலிசா கேட்டில் ஆறு வருடங்களில் நான்கு ஏறியிருந்தன. மருத்துவச்சி ஆன மகளுக்கு ஒன்று, மாலுமி ஆன மகனுக்கு ஒன்று. மூன்றாவதும் நான்காவதும் பேரப்பிள்ளைகள் பாலர் வகுப்பை வெற்றிகரமாக முடித்ததற்கு. இன்றைக்கு ஐந்தாவது. கடைக்குட்டி போலீஸ் தேர்வில் தேறிவிட்டான். எட்டடி. கீழே 'பெருமிதத்துடன்' என்று போட்டு அப்பா, அம்மா, நாய்.

"நிமிந்துதான் பாரேன் டெல்பினா. கழுத்து ஒண்ணும் சுளுக்கிக்காது."

"பாத்துட்டேன்க்கா. நாய் நல்லா விழுந்திருக்கு."

"உன் கேட்டுதான் பாவம், மொட்டையா நிக்குது. ஒரு பாகற்கொடியாவது ஏத்திவிடு."

டெல்பினா வீட்டுக்குள் போய்க் கை கழுவினாள். சோப்பு நுரை முழங்கை வரை வந்தபோது அவளுக்குத் தனக்கு என்ன வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. பட்டமளிப்பு அங்கி, தலையில் சதுரத் தொப்பி, நடுவில் தன் முகம். அது தன் கேட்டில் தொங்க வேண்டும். கால்மணி நேரம் வெட்கப்பட்டாள். பிறகு உட்கார்ந்து, சோறு வேகும் முன்பு பதினோரு கணக்குப் போட்டாள்.

சூடு ஆறுவதற்குள் மறுநாளே ஃபிளெக்ஸ் கடைக்குப் போனாள். கடைக்காரன் ரோடெல், அங்கி போட்ட ஓர் உடம்பைத் திரையில் தயாராக வைத்திருந்தான். ஊரில் தேறுகிற எல்லாருக்கும் அதே உடம்புதான். தலை மட்டும் மாறும்.

"எதுல பாஸுக்கா?"

"பள்ளி இறுதி."

"ரிசல்ட் எப்ப வந்துச்சு?"

"பரீட்சைக்கே இன்னும் ஆறு வாரம் இருக்கு."

ரோடெல் மவுஸிலிருந்து கையை எடுத்தான். "முன்னாடியே அடிச்சா விளங்காதுக்கா. போன தேர்தல்ல ஒருத்தர் ஓட்டு எண்ணி முடிக்கிறதுக்குள்ள நன்றி சொல்லி அடிச்சாரு. இப்ப என் கடைக் கூரையில ஒழுகாமப் பாத்துக்கறாரு."

"மாட்டத்தான் போறேன்னு யார் சொன்னா? சுருட்டி அலமாரியில வச்சுக்கறேன். காலையில ஒரு தடவ பாப்பேன், அவ்வளவுதான்."

"மூஞ்சியக் கொஞ்சம் வெளுக்கட்டுமா?"

"வேணாம். நான்தான்னு தெரியணும்."

மூன்றடிக்கு ஐந்தடி. தினமும் காலையில் ஓரத்தைப் பிரித்துத் தன் முகத்தைப் பார்ப்பாள். சுருட்டி வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறப்பாள். லெமுவேலின் தாள் நான்கு நாள் தாங்கியது. இது நான்கு வாரம் தாங்கியது. இயற்கணிதம் முடிந்து வடிவியலுக்குப் போய்விட்டாள்.

ஐந்தாம் வாரம் மழை பெய்து பன்றிக் கொட்டில் ஒழுகியது. மேலே விரிக்கப் பழைய ஃபிளெக்ஸ் ஏதாவது கிடைக்குமா என்று கிரிசாந்தோ அலமாரியைக் குடைந்தார். தோற்ற வேட்பாளர் யாராவது இருப்பார் என்று பிரித்தால், உள்ளே பெண்டாட்டி. மேலே கொட்டை எழுத்தில் 'தேர்வில் வெற்றி', கீழே வருடம். பரீட்சை எப்போது என்பது அந்த மனிதருக்குத் தெரியாது. ஃபிளெக்ஸில் அச்சானதைச் சரிபார்க்கும் வழக்கமும் அந்த ஊரில் கிடையாது. பன்றி நனையட்டும் என்று விட்டுவிட்டு, கேட்டில் ஏணியைச் சாத்தினார்.

சந்தையிலிருந்து திரும்பிய டெல்பினாவைத் தெருமுனையிலேயே பிடித்துக்கொண்டார்கள். வாழ்த்து, கைகுலுக்கல், எப்போது விருந்து என்ற விசாரணை. வீட்டு வாசலில் ஃபெலிசா தட்டோடு நின்றாள். தேங்காய்ப்பாலும் வெல்லமும் போட்டுக் கிண்டிய பிகோ என்ற அரிசிப் பலகாரம்; வாழையிலை மேல் ஆவி பறந்தது.

"ஒரு வார்த்த சொல்லலியே. நாங்க என்ன அந்நியமா? சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடு" என்றாள் ஃபெலிசா. குரலில் நிஜமாகவே மரியாதை இருந்தது.

டெல்பினா வாங்கிச் சாப்பிட்டாள். உள்ளே போன பிறகுதான் கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

கிரிசாந்தோவின் முகம் தொங்கிவிட்டது. "நீ கூச்சப்பட்டு ஒளிச்சு வச்சிருக்கேன்னு நெனச்சேன். எறக்கிரவா?"

"இருங்க. யோசிக்கறேன்."

யோசிக்க நிறைய இருந்தது. ஆசைப்பட்டதெல்லாம் ஒரே சாயங்காலத்தில் வாசலுக்கு வந்துவிட்டது. இனி தேர்வு எழுதவே வேண்டாம். கருவாடு வாங்க வருகிறவர்கள் சான்றிதழ் கேட்கப் போவதில்லை. அவள் நான்கு நாள் புத்தகத்தைத் தொடவில்லை. அந்த நான்கு நாளும் கேட் வழியாக வராமல், கொட்டிலைச் சுற்றிச் சேற்றில் மிதித்துப் பின்வாசல் வழியாக வீட்டுக்குள் போனாள். அதைக் கவனிக்க அவளுக்கே நான்கு நாள் ஆயிற்று.

ஐந்தாம் நாள் லெமுவேல் வந்தார், கேமரா பிடிக்கும் ஒரு பெண்ணோடு. அடுத்த ஊர்க் கூட்டத்தில் போட்டுக் காட்ட அவருக்கு ஒரு வெற்றிக் கதை வேண்டியிருந்தது. ஊர் ஊராக அழவைக்கிறவருக்கு எந்த ஊரில் எப்போது தேர்வு என்பதெல்லாம் நினைவில் நிற்காது. தெரு கூடியது. ஃபிளெக்ஸுக்குக் கீழே டெல்பினாவை நிறுத்தினார்கள்.

"சொல்லுங்கம்மா. பிள்ளைகளுக்காகன்னு எழுதுனீங்களே, அந்த ஒரு வரிதானே உங்களப் பாஸ் பண்ண வச்சது?"

ஆமாம் என்றால் முடிந்தது. டெல்பினா எதிரே நின்ற ஃபெலிசாவைப் பார்த்தாள்.

"நான் இன்னும் பரீட்சையே எழுதல சார்."

கேமராக்காரப் பெண் நிமிர்ந்து லெமுவேலைப் பார்த்தாள். ஃபெலிசாதான் முதலில் வாய் திறந்தாள். "அப்ப என் பிகோ?"

"நல்லா இருந்துச்சுக்கா. தேங்காப்பால்தான் கொஞ்சம் கம்மி."

"பின்ன இத எதுக்கும்மா அடிச்சீங்க?" என்றார் லெமுவேல்.

"இதுக்குத்தான் சார் படிக்கிறேன். என் பிள்ளைங்க ரெண்டும் வேணாம்னுருச்சு. எனக்கு என் மூஞ்சி என் கேட்டுல தொங்கணும். தொங்கிருச்சு, எல்லாரும் வாழ்த்தியாச்சு. ஆனா நாலு நாளா நான் இந்தப் பக்கமே வரல. வெறும் படம் எனக்குப் பத்தலைன்னு இப்பத்தான் தெரியுது. நெசமாவே பாஸாகணும்."

லெமுவேல் குரலை இறக்கினார், கோயிலில் பேசுவதுபோல. "அது தற்பெருமைம்மா. ஒருத்தரோட 'ஏன்' அவங்களவிடப் பெருசா இருக்கணும்."

"கூடத்து வாசல்ல உங்க மூஞ்சி ஆறடி சார். நான் மூணோட நிறுத்திட்டேன்."

தெரு சிரித்தது. ஃபெலிசாவும் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இத வெட்டிரு" என்று லெமுவேல் அந்தப் பெண்ணிடம் சொன்னார். அவள் தலையாட்டினாள்; ஆனால் இன்னும் எடுத்துக்கொண்டுதான் இருந்தாள்.

கிரிசாந்தோ ஏணியோடு வந்தார். "அத அங்கயே விடுங்க" என்றாள் டெல்பினா.

"ஃபெயிலாயிட்டா?" என்றாள் ஃபெலிசா.

"வருஷத்து மேல மட்டும் தாள் ஒட்டிக்கலாம். மூஞ்சி அதேதானே."

அன்று சாயங்காலம் வடிவியலில் வட்டங்களை விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு அழுத முப்பத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். பிறக்கப்போகும் பிள்ளைகளுக்காகப் படித்தவனைக் காணவில்லை. டெல்பினா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, மணி அடிக்கும் வரை எழுதினாள். வெளியே வந்தபோது விரலெல்லாம் மை. டிரைசைக்கிளில் கிரிசாந்தோ காத்திருந்தார்.

"எப்படி?"

"கணக்குல நாப்பதுக்கு மூணு தெரியல. அந்த மூணும் கேள்வி போட்டவனுக்கே தெரியுமான்னு சந்தேகம்."

"ரிசல்ட்டு?"

"மூணு மாசமாகும்."

"அதுவரைக்கும் தெருவே பாத்துட்டு நிக்குமே. உனக்கு ஒரு மாதிரி இல்லியா?"

"பாக்கத்தானே மாட்டியிருக்கு" என்று சொல்லி அவள் ஏறி உட்கார்ந்தாள். "வண்டிய எடுங்க, பசிக்குது."