மூக்கர் மோந்த போர்தோ

எங்க ஓட்டல்ல ஒயின் பரிமாற ஆள் எடுக்கணும்னா, ஒயினை மோந்தே தரம் சொல்ற மூக்கர் வந்து சரின்னு சொல்லணும். அவர் பேர் எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். அந்த மூக்குக்கு இந்த மரியாதை போதும். கிளாஸைச் சுத்து சுத்துன்னு சுத்தி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கிட்டு, "பழைய தோல்... புகையிலை... மழை பெஞ்ச மண்ணு..."ம்பார். அட கஷ்டகாலமே, மண்ணு வாசனை வேணும்னா வெளியே போய் மோந்துக்க வேண்டியதுதானே! அப்புறம் வாயைக் கொப்புளிச்சு வாளியில துப்புவார். அந்த வாளியைக் கழுவுறவ நான்.

அன்னிக்குப் பரீட்சை என் தங்கச்சிக்கு. ரெண்டு வருஷமா என்கூடப் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே, பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின்னு எந்த ஊர் ஒயின் எப்படி இருக்கும்னு உருப்போட்டவ. சோப்புத் தண்ணி பட்டு அவ கை தோல் உரிஞ்சு கிடக்கு. இந்த வேலை கிடைச்சாத்தான் அதுக்கு விடிவு.

போர்தோங்கிற பிரான்ஸ் ஒயின், பதினஞ்சு வருஷப் பழசு. கார்க் நொறுங்காம எடுத்தா. அடியில தங்கின கசடு கலங்காம, மெழுகுவத்தி வெளிச்சத்துல பாத்துப் பாத்து ஜாடிக்கு மாத்தினா. கிளாஸ்ல ஊத்தினா. மூக்கர் மோந்தார். மூஞ்சி கோணிக்கிச்சு.

"பூஞ்சை நாத்தம். கார்க் கெட்டுப்போன ஒயின். இதுகூடத் தெரியாம எனக்கு ஊத்துறியா? போம்மா."

இவளோ தலையைக் குனிஞ்சுக்கிட்டு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு உள்ளே வந்துட்டா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"வாய்க்கு என்ன பூட்டா போட்டிருக்கு? அந்த ஆளுக்கு மூக்கு இருக்கு, மூளை இருக்கா? நீயும்தான் இருக்கியே, வாயில்லாப்பூச்சி!"

அவ ஜாடியை என் மூக்குகிட்ட நீட்டினா. பழ வாசனை, நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் அதே வரிசையில ஊத்தாம இருந்த ஒரு கிளாஸை நீட்டினா. நனைஞ்ச அட்டை நாத்தம்.

"ஒயின்ல ஒண்ணும் இல்லக்கா. ஊத்துறதுக்கு முன்னாடியே ஜாடியில மோந்துட்டேன், அவர் சொன்னப்புறம்தான் கிளாஸை மோந்தேன். கிளாஸ்தான்னு சொன்னா, யார் கழுவினதுன்னு கேப்பாங்க."

கழுவினாத்தானே! அட்டைப்பெட்டியில மாசக்கணக்கா கவுந்து கிடந்த கிளாஸுங்களை, துப்புற ஆளுக்கு இது போதும்னு ஒரு துடை துடைச்சு வச்சவ நான்.

அந்தக் கிளாஸைத் தூக்கிக்கிட்டு ஹாலுக்கு ஓடினேன். மூக்கர் கோட்டை மாட்டிக்கிட்டிருந்தார், பக்கத்துல மேனேஜர். "இதை மோந்து பாருங்க"ன்னேன். மோந்தார். என் பின்னாடியே வந்த தங்கச்சியைப் பார்த்து, "இது உனக்குத் தெரியலையா?"ன்னார்.

"தெரியல சார்."

"பொய் சொல்றா! நீங்க சொன்னதுமே கண்டுபிடிச்சுட்டா. என்னைக் காட்டிக் கொடுக்க மனசு வரல அவளுக்கு. கழுவாம வச்ச கழுதை நான்தான்."

மூக்கர் கோட்டைக் கழட்டினார். "நல்ல கிளாஸ்ல ஊத்தும்மா. ஒயின் சரியா இருந்தா வேலை உனக்கு."

மேனேஜர் என் ஏப்ரனை வாங்கக் கையை நீட்டினார்.

"இருங்க சார்"னேன். "அவளுக்கு ஒரு கிளாஸ் கழுவிக் கொடுத்துட்டுக் கழட்டுறேன்."