கீறல் இருக்கும், பாத்துக்கோங்க

என் மனைவி வரும் பஸ் மாலை நாலு மணிக்கு. அந்த ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணியிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஹாலிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து மாடிப்படி, மறுபடி ஹால். உட்கார்ந்தால் எழத் தோன்றியது. எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்பது மறந்துபோனது. காரணம் சாப்பாட்டு மேஜை மேல் சாதுவாக உட்கார்ந்திருந்தது. ஒன்றரை ஜாண் உயரமுள்ள ஒரு கண்ணாடிப் பூச்சாடி.

எங்கள் வீட்டில் கண்ணாடி என்ற சொல்லே தகராறுதான். எனக்குக் கண்ணாடி என்றால் மூக்கில் மாட்டுவது. முப்பத்தோரு வருடமாக வீட்டின் கீழ்த்தளத்தில் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறேன். அவளுக்குக் கண்ணாடி என்றால் அறுபது எழுபது வருடம் முன்னால் ஏதோ ஒரு தொழிற்சாலையில் யாரோ வாயால் ஊதிச் செய்த ஜாடி, கிண்ணம், மீன், வாத்து, சாம்பலே பார்க்காத சாம்பல் கிண்ணம். காலையில் அவசரமாக "என் கண்ணாடி எங்க?" என்று நான் கேட்டால், "எது, பச்சையா, மீனா?" என்பாள். வேண்டுமென்றேதான் சொல்வாள்.

பதினாறு வருடமாகச் சேர்க்கிறாள். தடித்த கண்ணாடிக்குள் இன்னொரு நிறம் மூழ்கிக் கிடக்கும் சாமான்கள்தான் அவளுக்கு உயிர். ஹால் ஜன்னலோரம் மூன்று தட்டு அலமாரி. வெயில் நகர நகர அவளும் நகர்வாள். ஒன்பது மணிக்கு மீன் இங்கே, பத்து மணிக்கு மீன் அங்கே. ஆள் என்றால் முகத்தைப் பார்ப்போம். அவள் ஜாடியைக் கையில் எடுத்ததும் கவிழ்த்து அடியைத்தான் பார்ப்பாள். ஏன் என்று எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறாள். நானும் தலையை ஆட்டியிருக்கிறேன். கேட்டேன் என்று சொல்ல முடியாது. காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

இந்தப் பூச்சாடியைப் பதினொரு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தாள். வெளியே புகை நிறம், உள்ளே தேன் நிறம், வாய் மட்டும் லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அந்த வாரம் வியாழக்கிழமை அது கிடைத்தது. கிடைத்த நேரத்தில் அவள் ஊரில் இல்லை. அவளுடைய அக்காவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகி, மூன்று வாரமாக அங்கே இருந்தாள். வெண்ணெய் திரண்டு வரும்போதுதான் தாழி உடையும். அன்று மாலையே அவளிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

"ஒரு டீச்சரம்மா வீட்டைக் காலி பண்றாங்க. அவங்ககிட்ட இருக்கு. நான் வர்ற வரைக்கும் தாங்காது. நீங்களே போய் வாங்கிட்டு வந்துடுங்க."

"நானா?" என்றேன். அவளுடைய சாமான்களை இதுவரை என்னைத் தொட விட்டதில்லை. கல்யாணமான புதிதில் நான் உடைத்த ஒரு டம்ளர்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

"நீங்கதான். வேற யாரையும் நம்ப முடியாது. போட்டோ மங்கலா அனுப்பியிருக்காங்க, அடி தெரியல. துண்டு சுத்தி மடியில வெச்சு எடுத்துட்டு வாங்க. முக்கியமா ஒண்ணு. அடியில கீறல் இருக்கும், பாத்துக்கோங்க."

"எல்லாம் நான் பாத்துக்கறேன். நீ உங்க அக்காவைப் பாரு."

'பாத்துக்கோங்க' என்ற இந்தப் பாழாய்ப்போன சொல்லைத்தான் சொல்கிறேன். சில்லறையைப் பாத்துக்கோங்க என்றால், எண்ணிச் சரிபார் என்று அர்த்தம். அடுப்பைப் பாத்துக்கோங்க என்றால், பொங்கி வழியாமல் அணைக்க வேண்டியது உன் பொறுப்பு என்று அர்த்தம். அவள் சொன்னது சில்லறை. எனக்குக் கேட்டது அடுப்பு.

வெள்ளிக்கிழமை போய் வாங்கி வந்தேன். டீச்சரம்மா எண்பதை நெருங்கியவர். வீடு முழுக்க அட்டைப்பெட்டி. பூச்சாடியைத் தன் கம்பளிச் சால்வையிலேயே சுற்றிக் கொடுத்தார். சால்வை வேண்டாம் என்றால் கேட்கவில்லை. "இதைப் போய் யார்கிட்டயோ குடுக்கறமேன்னு இருந்துச்சு. பதினோரு வருஷமா தேடினாங்கன்னு கேட்டப்புறம் நிம்மதியா இருக்குப்பா" என்றார்.

வீட்டுக்கு வந்து கவிழ்த்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. அடிப்பக்கம் பூராவும் கீறல். மெல்லிசாக, வட்டம் வட்டமாக, நூற்றுக்கணக்கில். ஓரத்தில் கொஞ்சம் ஆழமாக, யாரோ ஆணியால் கிறுக்கியது போல வளைந்து நெளிந்து ஒரு நீளக் கீறல். எனக்குக் கை துறுதுறுத்தது. என் தொழிலில் கீறல் என்பது குற்றம். கீறல் விழுந்த லென்ஸை வாடிக்கையாளர் முகத்தில் மாட்டினால் நான் கடையை மூடிவிட்டுப் போகலாம்.

சனிக்கிழமை கடையை மூடிவிட்டு, பின்னறையில் கண்ணாடி லென்ஸ் தேய்க்கும் சக்கரத்தைத் துடைத்து எண்ணெய் விட்டேன். முதலில் கண்ணாடியை அரைக்கும் நைசான குருந்தப் பொடி. பிறகு கம்பளித் தட்டில் மெருகுப் பசை. தண்ணீர் சொட்டச் சொட்ட, சூடேறாமல், ஆறு மணி நேரம். முதுகு விட்டுப்போனது. கடைசியில் அடியைத் துடைத்துப் பார்த்தால், அதன் வழியாகப் பேப்பரே படிக்கலாம் போல இருந்தது. இத்தனை வருடத்தில் அவளுடைய பைத்தியத்துக்கு என் கை உதவியது அதுதான் முதல் தடவை. மனதுக்குள் சந்தோஷமாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஞாயிறு காலை மருந்துக்கடைக்காரர் வந்தார். அவரும் இந்தக் கண்ணாடிக் கூட்டத்தில் ஒருவர். என் மனைவியை அக்கா என்பார், என்னை சார் என்பார். கையில் சொந்த டார்ச்.

"அக்கா வர்றதுக்குள்ள ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன் சார்."

மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பூச்சாடியைத் தூக்கி, வழக்கம்போலக் கவிழ்த்தார். ஜன்னல் பக்கம் சாய்த்தார். நகத்தால் தடவினார். டார்ச் அடித்தார்.

"சார், டீச்சரம்மா வீட்லயே இப்படித்தான் இருந்துச்சா?"

"எங்க? ஒரே கீறல். நேத்து முழுக்க உக்காந்து தேய்ச்சேன்" என்றேன் பெருமையாக. "இப்ப பாருங்க, லென்ஸ் கெட்டுது."

அவர் பூச்சாடியை மெதுவாக மேஜையில் வைத்தார். அதைவிட மெதுவாகத் தானும் உட்கார்ந்தார். "அக்கா உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாளே. கீறல் இருக்கும், பாத்துக்கோங்கன்னா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "இருக்கான்னு பாக்கச் சொல்லியிருக்காங்க சார். இதைச் செஞ்சது ஒரு பொம்பளை. அந்தத் தொழிற்சாலையில நாலே வருஷம்தான் இருந்தாங்க. மனசுக்குப் பிடிச்ச சாமான்ல மட்டும் வைர முனையால தன் பேரைக் கையாலயே கீறுவாங்க. மத்த கீறல் எல்லாம் அது அறுபது வருஷம் மேஜை மேல நகந்ததுக்கு அத்தாட்சி. இப்ப பேரும் இல்ல, வயசும் இல்ல. நேத்துச் செஞ்சதுன்னு சொன்னாலும் இல்லன்னு சொல்ல முடியாது."

"மறுபடி ஏதாவது பண்ண முடியாதா?"

"தேய்ச்சது தேய்ச்சதுதான் சார்." மோதிரத்தை மாட்டிக்கொண்டு எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பினார். "நான் இன்னைக்கு இங்க வரவே இல்ல" என்றார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது என்பார்கள். நான் பிள்ளையாரையே தேய்த்துக் குரங்காக்கியிருந்தேன். மணி பதினொன்றரை. அப்போது ஆரம்பித்ததுதான் அந்த நடை. பதினொரு வருடம் என்று நினைத்தாலே மோசமாக இருந்தது. வேற யாரையும் நம்ப முடியாது என்று அவள் சொன்னதை நினைத்தால் அதைவிட மோசமாக இருந்தது. அலமாரி மீன் என்னையே முறைப்பது போல இருந்ததால் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். பிறகு அதைத் தொட்டதற்கு வேறு திட்டு வாங்க வேண்டுமே என்று பழையபடி திருப்பினேன்.

ஒரு மணிக்குத்தான் அந்தப் புத்தி வந்தது. அவளிடம் ஒரு நோட்டு உண்டு. யார் எப்படிக் கையெழுத்துப் போடுவார்கள் என்று படம் ஒட்டி வைத்திருப்பாள். எடுத்துப் புரட்டினேன். இருந்தது. வளைந்து நெளிந்த அதே நீளக் கீறல், பெரிதாக்கிய படத்தில். இப்போது பார்த்தால் அது பெயர். எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. ஒரு நாள் முழுக்க மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு எனக்குத் தெரியாமல் போனதே என்று ஆத்திரமாக வந்தது.

கடையில் லென்ஸில் குறி போடும் வைரப் பேனா இருக்கிறது. அதையும் கழிவு லென்ஸ் ஒன்றையும் மேலே சாப்பாட்டு மேஜைக்கு எடுத்து வந்து எழுதிப் பார்த்தேன். முதல் பத்து கோழிக் கிறுக்கல். இருபதுக்கு மேல் கை படிந்தது. அந்தப் பெண் எங்கே அழுத்தினாள், எங்கே கையைத் தளர்த்தினாள் என்பதுகூடப் புரிந்துவிட்டது. நாற்பதாவதைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. குருந்தப் பொடி போட்டு மேஜையில் நாலு தடவை இழுத்தால் வயதும் வந்துவிடும். கள்ளனுக்கு எல்லா வழியும் தானாகத் தெரிந்தது.

பூச்சாடியைத் துண்டில் கவிழ்த்து வைத்து, பேனா முனையை வைத்தேன். எடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தேன். எழுந்து தண்ணீர் குடித்தேன். மூன்றாவது தடவை வைத்தபோது வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மணி மூன்று பத்து. முந்தின பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். பேனாவையும் லென்ஸையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பூச்சாடியை நிமிர்த்தி வைத்தேன்.

பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராக மேஜைக்கு வந்தாள். இரண்டு கையாலும் தூக்கி, வெளிச்சத்தில் காட்டினாள். தேன் நிறம் அவள் கழுத்தில் விழுந்தது. "அப்பாடா" என்றாள். பிறகு கவிழ்த்தாள்.

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"பாவம்ங்க நீங்க. நல்லா ஏமாத்திட்டாங்க."

"யாரு?"

"அந்த டீச்சர்தான். இது புதுசு. அடியைப் பாருங்க, ஒரு கீறல் இல்ல. உங்களுக்கு என்ன தெரியும், உங்க தப்பு இல்ல. நான் வந்திருக்கணும்." என் கையைத் தட்டிக்கொடுத்தாள். அவள் என்னிடம் அவ்வளவு அன்பாகப் பேசி ரொம்ப நாளாகியிருந்தது. திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"போட்டோவை மங்கலா அனுப்பினப்பவே நான் யோசிச்சிருக்கணும்" என்றபடி போனை எடுத்தாள். "வயசானவங்கன்னு விடப்போறதில்ல. நாலு வார்த்தை கேட்டுட்டு எங்க கண்ணாடிக் குழுவிலயும் போட்டுடறேன். இன்னொருத்தர் ஏமாறக் கூடாது."

மணி அடிக்கும் சத்தம் எனக்கும் கேட்டது. ஒன்று. இரண்டு. நாற்காலியில் அந்தக் கம்பளிச் சால்வை மடித்தபடி கிடந்தது.

"கீறல் இருந்துச்சு" என்றேன். "நான்தான் தேய்ச்சுட்டேன். நேத்து. சக்கரத்துல வெச்சு. பேரு மாதிரி ஒண்ணு இருந்துச்சு, அதையும்."

போனில் டீச்சரம்மா "ஹலோ, ஹலோ" என்றார். என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போனைக் காதில் வைத்தாள். "நான்தாம்மா. நல்லபடியா வந்து சேந்துடுச்சுன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். ரொம்ப அழகா இருக்கு. உங்க சால்வையைக் கொண்டு வந்து தரேன்." குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை.

போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நான் கீறல் இருக்கும், பாத்துக்கோங்கன்னு சொன்னேன்."

"ஆமா. நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்."

"சரி" என்றாள். தப்பை அவள் எடுத்துக்கொண்டாளா எனக்கே விட்டாளா தெரியவில்லை. அப்போதுதான் அவள் கண்ணில் நோட்டு பட்டது. திறந்தபடி கிடந்தது, அந்தப் பக்கத்திலேயே. நோட்டைப் பார்த்தாள். பூச்சாடியைக் கவிழ்க்க விரித்திருந்த துண்டைப் பார்த்தாள். என் சட்டைப் பையைப் பார்த்தாள். கையை நீட்டினாள். லென்ஸை எடுத்துக் கொடுத்தேன்.

ஜன்னல் பக்கம் பிடித்து நாற்பது கையெழுத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசி ஒன்றில் விரல் நின்றது.

"நல்லா வந்திருக்கு" என்றாள். "ஏன் போடல?"

எதையாவது நல்லதாகச் சொல்லியிருக்கலாம். மனசு வரவில்லை, உன்னை ஏமாற்றக் கை வரவில்லை என்று. ஆனால் அன்றைக்குப் பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. "போட்டிருப்பேன். நீ கண்டுபிடிச்சுடுவியோன்னு பயம். அதுக்குள்ள நீயும் வந்துட்டே."

"கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்" என்றாள். "அடியில பேரு இருந்திருந்தா அதுக்கு மேல பாத்திருக்கவே மாட்டேன். வேற யார் கையில இருந்து வந்தாலும் டார்ச் அடிச்சுப் பாப்பேன், பூதக்கண்ணாடி வெச்சுப் பாப்பேன். உங்க கையில இருந்து வந்ததை எதுக்குப் பாக்கணும்?"

தோளில் கிடந்த பையை அப்போதுதான் இறக்கினாள்.

"இனிமே பாப்பேன்" என்றாள். பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.