பெட்டிக்குள் இடமில்லையாம்

கல்முனையில் கணினியில் எழுத்துக் கோத்து அச்சடித்துக் கொடுக்கும் கடைகள் ஏழு. அவற்றில் எழுத்தைச் சுற்றி ஒழுங்காகப் பெட்டி போடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சரீபா பெருமையடிக்கிறாள் என்பார்கள். அடித்தால்தான் என்ன? மற்றவர்கள் முதலில் பெட்டியை வரைந்துவிட்டுப் பெயரை அதற்குள் திணிப்பார்கள். பெயர் நீண்டால் எழுத்து எறும்பளவாகிவிடும், இல்லாவிட்டால் வால் அறுந்துவிடும். என் பெட்டிக்குள் பெயரைத் தட்டினால் போதும். எந்த வரி அகலமோ அந்த வரிக்குத் தக்கபடி தானே அகன்றோ ஒடுங்கியோ நிற்கும்.

இதைச் செய்ய ஒரு நோன்பு மாதம் முழுக்கப் பிடித்தது. முதலில் எழுத்தை எண்ணி, எண்ணிக்கைக்கு ஏற்ப அகலம் கொடுத்துப் பார்த்தேன். முட்டாள் வேலை. 'வை'யும் ஓரெழுத்து, 'க'வும் ஓரெழுத்து; தாளில் உட்காரும்போது 'வை' இரண்டு பேரின் இடத்தைப் பிடிக்கும். பிறகுதான் எண்ணுவதை விட்டேன். வரியை ஒருதரம் கோத்து, அதன் உண்மையான அகலத்தை மென்பொருளே அளந்து பெட்டிக்குச் சொல்லும்படி கட்டளை எழுதினேன்.

யுத்தம் முடிந்த வருடம் அது. சுனாமிக்கு வீடிழந்தவர்களுக்கு ஐந்தாம் வருடத்தில்தான் மருதமுனைப் பக்கம் புது வீடுகள் கையளிக்க இருந்தார்கள். வீடு கட்டிய நிறுவனத்தின் அதிகாரி முபாறக் சேர், கண்டிப் பக்கத்துக்காரர், அறுபத்துமூன்று உரிமைப் பத்திரங்களை என்னிடம் அடிக்கத் தந்தார். அவர்கள் கொழும்பில் செய்த மாதிரியில் 'மீராலெவ்வை அச்சிமுக' என்று ஒரு பெயர் பாதியில் நின்றது. அதை ஒதுக்கிவிட்டு என் பெட்டியைப் போட்டேன். எழுத்துப் பிழை பார்க்க வீட்டுக்காரர்களைக் கடைக்கு வரச் சொன்னார்கள்.

அச்சிமுகம்மது கடலுக்குப் போயிருந்ததால் அவருடைய மனைவி ஆமினா உம்மா வந்தாள். நாற்பது வயதிருக்கும். தாளை இரண்டு தரம் வாசித்தாள்.

"அவர்ர பேர் சரி. என்ட பேர் எங்க?"

பட்டியலில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டும்தான் இருக்கிறது என்றேன். அவள் சத்தம் போடவில்லை. கடல் கொண்டுபோன வீடு தன்னைப் பெற்ற உம்மா தனக்குச் சீதனமாகக் கட்டித் தந்தது என்றாள். புது வீட்டுக்கு ஈடாக அந்த வளவை, வீடு நின்ற காணியை, விட்டுக்கொடுக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டதும் அவள்தான். கொடுக்கும்போது அவள் பெயர், வாங்கும்போது இன்னொருவர் பெயரா?

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. எங்கள் ஊரில் வீடு என்றால் பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்தால் ஆண்தான் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவான். அவள் முன்னாலேயே முபாறக் சேருக்குப் போன் எடுத்தேன். அவர் கெட்ட மனிதரில்லை. இரண்டு பேரையும் போடக் கூடாது என்று விதியில்லையாம். பெட்டிக்குள் இரண்டு பெயருக்கு இடமில்லையாம், அதனால்தான் ஒன்றோடு நிறுத்தினார்களாம்.

"அது உங்கட பெட்டி, சேர்" என்றேன். "என்ட பெட்டியில இடத்துக்குப் பஞ்சமில்ல. ஒருக்கா வந்து பாருங்க."

மறுநாள் காலையில் வந்தார். ஆமினா உம்மா புருசனையும் கூட்டி வந்திருந்தாள். மனைவி பெயரைச் சேர்ப்பதில் உங்களுக்குச் சம்மதமா என்று முபாறக் சேர் அவரிடம் கேட்டார். ஆமினா உம்மா நிலத்தைப் பார்த்தபடி நின்றாள். புருசன் மாட்டேன் என்றால் பத்திரம் அவர் பெயரோடு மட்டும் போய்விடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அச்சிமுகம்மது அவளைப் பார்த்தார். பிறகு என்னிடம் கதைத்தார்.

"அவட பேர மேல போடுங்க. என்டத கீழ போடுங்க. வீடு அவட. நான் வந்து குடியிருந்தவன்."

அப்படியே தட்டினேன். மேல் வரி 'ஆதம்லெவ்வை ஆமினா உம்மா'. கீழ் வரி 'மீராலெவ்வை அச்சிமுகம்மது'. பெட்டி மேல் வரியின் அகலத்துக்கு விரிந்து நின்றது. கீழ்ப் பெயர் அதற்குள் நடுவில் வசதியாக உட்கார்ந்தது. முபாறக் சேர் விரலால் எழுத்துகளை எண்ணினார். புருசனுக்குப் பதின்மூன்று, மனைவிக்குப் பன்னிரண்டு. எப்படி அவளுடைய வரி அகலமாகும் என்று கேட்டார்.

"எண்ணினா அவர் பெரிசு, சேர். அளந்தா இவதான்."

அச்சிமுகம்மதுதான் முதலில் சிரித்தார்.

முபாறக் சேர் பட்டியலை வாங்கி மடித்தார். மற்ற அறுபத்திரண்டு வீட்டுப் பெண்களின் பெயர்களையும் பின்னேரத்துக்குள் எடுத்துத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வேலை இரட்டித்தது. அதைவிட நல்ல சேதி அந்த வருடம் எனக்கு வரவில்லை, யுத்தம் முடிந்ததைத் தவிர.

ஆமினா உம்மா மட்டும் போகவில்லை. நான் அச்சடித்துக் கொடுத்த தாளை மேசையில் வைத்து, பெட்டியின் வலது கோட்டைத் தடவிப் பார்த்தாள்.

"என்ட மகளுக்குப் பதினொரு வயசு, புள்ள. நாளைக்கு வீடு அவளுக்குத்தானே. அவட பேருக்கும் இது கொள்ளுமா?"

பெயர் என்ன என்று கேட்டேன். பாத்திமா ஸஹ்ரா நுஸ்கியா என்றாள்.

தட்டிக் காட்டினேன். பெட்டி இன்னும் கொஞ்சம் அகன்றது.