டி.வி.க்குப் போர்த்த ஒரு லேஸ்

1

இந்தக் கதை எனக்கு விழுப்புரம் பாசஞ்சர் ரயிலில் கிடைத்தது. எதிர் சீட்டில் ஒரு அம்மா, பூப்பின்னல் படம் போட்ட கிழிந்த தாளைப் பார்த்து விரல்விட்டு எண்ணுவதும் தலையில் அடித்துக்கொள்வதுமாக வந்தார். மீதியெல்லாம் என் புளுகு.

2

1986. திண்டிவனத்தில் ஒரு மழைக்கால மாலையில் கெங்கம்மாள்

(வேண்டாம். மழையை உள்ளே விட்டால் எனக்கு அழுகை வந்துவிடும்.)

கெங்கம்மாள் விழுப்புரத்தில் வக்கீல் ஆபீஸ் டைப்பிஸ்ட். திண்டிவனத்தில் தம்பி வீட்டில் ஜாகை. தம்பி பெண்டாட்டி பாஞ்சாலிக்கு எட்டாம் மாசம். முன்னே இரண்டு தங்கவில்லை. பிறக்காத பிள்ளைக்குத் துணி எடுத்து வைக்கக் கூடாதே! கெங்கம்மாளுக்குக் கை சும்மா இருந்தால்தானே? இலை இலையாய் ஓட்டை விட்ட லேஸ் ஒன்றை வெள்ளை நூலில் ஆரம்பித்துவிட்டாள். கேட்டவர்களிடம், "டி.வி.க்கு கவர் போட்டுக்கினு இருக்கேன்" என்றாள்.

3

அதில் ஒரு கண்ணி தவறினால் மேலே வருகிற இலையெல்லாம் கோணிக்கொள்ளும். எண்ணித்தான் போட்டாள். மறுநாள் சாயங்காலம் வந்து பார்த்தால் கணக்கு இடிக்கும். பிரித்துப் போடுவாள். மறுநாளும் அதே பேஜாரு.

"நேத்து சரியாத்தான இருந்துச்சு!"

செய்யக்கூடாததைச் செய்ததால்தான் கோணுகிறதோ என்று லேஸைக் கூடையில் போட்டு மூடினாள்; மறுபடி எடுத்தாள்.

(எனக்கும் ஒன்றும் புரியவில்லை. பேய் பின்னியதாக ஒரு பக்கம் எழுதினேன். பேய்க்கு எதற்கு லேஸ்? கிழித்துப்போட்டேன்.)

4

சனிக்கிழமை அரைநாள் லீவு. மத்தியானமே வந்த கெங்கம்மாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பாஞ்சாலி காலை நீட்டி உட்கார்ந்து லேஸ் பின்னிக்கொண்டிருந்தாள்.

"நீதானாடி?"

"தினமும் ஒரு வரிசை போட்டுக்கினுதான் வர்றேன் அண்ணி."

"சொல்லக்கூடாதா? எனக்குப் பைத்தியமே புடிச்சிருக்கும்!"

"நீங்க மட்டும் சொன்னீங்களா?" பாஞ்சாலி லேஸைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "டி.வி.க்கு எதுக்கு அண்ணி இவ்ளோ மெத்துனு?"

கெங்கம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "டி.வி.க்கும் குளுரும் இல்ல" என்றாள்.

அப்புறம் இருவரும் சேர்ந்தே பின்னினார்கள், டி.வி.யைப் பற்றியே பேசிக்கொண்டு.

5

முடிவு ஒன்று: பெண் குழந்தை. லேஸில் சுற்றி

முடிவு இரண்டு: லேஸ் கடைசியில் டி.வி. மேலேயே

(இதை எழுத எனக்குத் தைரியமில்லை.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஒரு காலையில் வலி எடுத்தது. தம்பி வாடகைக் கார் கொண்டுவந்தான். கெங்கம்மாள் லேஸையும் பையில் வைக்கப் போனாள்.

"அது கூடையிலயே இருக்கட்டும் அண்ணி," என்றாள் பாஞ்சாலி, பல்லைக் கடித்துக்கொண்டு. "கடைசி வரிசை பாக்கி இருக்கு. நீங்க கை வைக்காதீங்க. நான் வந்து போடுறேன்."

கார் போய்விட்டது. நானும் அதில் கை வைக்கமாட்டேன். நீங்களும் தயவுசெய்து