கழிவு போக எழுபது

எலியேசர் தன் வீட்டுக் கொட்டகையில் ஆறு வருஷமாகச் செய்த விமானம் அதுவரை எட்டு தடவை பறந்திருந்தது. எட்டு தடவையும் அவர் ஒருவரே போனார். பின் இருக்கையில் ஆளை ஏற்றுவதற்கு முன்னால் ஆளின் எடையை ஏற்றிப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கு தங்கை ஜெயசீலியுடையது. அவள் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். எழுபது கிலோ சரி. எழுபத்தைந்தைத் தாண்டினால் வால் கனத்து மூக்கு நிமிர்ந்துகொள்ளும், ஓட்டுகிறவர் கைப்பிடி ஸ்டிக்கை எவ்வளவு முன்னே தள்ளினாலும் தாழாது என்று நோட்டில் எழுதிச் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தாள்.

வீட்டில் அவ்வளவு பெரிய தராசு இல்லை. பம்மல் தோல் மண்டியில் எடை போடும் துளசிங்கம் எலியேசருக்குப் பழக்கம். மூட்டைக்கு முப்பத்தைந்து கிலோ மணல், இரண்டு மூட்டை என்று அண்ணன் சொல்லி வைத்திருந்தார். ஜெயசீலி போனபோது உள்ளே சுமை தூக்குகிறவர்கள் இருபது பேர் இருந்தார்கள். அவள் வாசலைத் தாண்டவில்லை. துளசிங்கமே மணலை அள்ளிப் போட்டு நிறுத்து, சீட்டு எழுதி நீட்டினார். மூட்டை கொஞ்சம் புடைப்பாகத் தெரிந்தது. கேட்க நினைத்தாள். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் காலை, படப்பைக்கு அப்பால் மே மாத வெயிலில் வறண்டு கிடந்த ஏரிக்கு மூட்டைகளைத் துளசிங்கமே லாரியில் கொண்டுவந்தார். பின் இருக்கையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பெல்ட்டு போட்டுக் கயிற்றாலும் கட்டினார்கள். விமானம் ஏரி மண்ணைக் கிளப்பிக்கொண்டு ஓடி, எழும்பியது.

“மாப்ள கணக்கா குந்திகினு போவுது பாரு மணலு,” என்று சிரித்தார் துளசிங்கம். பிறகு, உபகாரம் செய்தவர் தோரணையில் சொன்னார்: “மண்டில யாருக்கு நிறுத்தாலும் மூட்டைக்கு அஞ்சு கிலோ கழிச்சிதாம்மா எழுதறது. தோல்ல உப்பு, ஈரம் எல்லாம் கீதுல்ல? உனக்கும் அப்டிதான். கழிவு போக சுத்தமா முப்பத்தஞ்சு.”

“மணல்ல ஏது உப்பு?” என்றாள்.

துளசிங்கம் சிரிப்பதை நிறுத்தினார். இருபது வருஷத்துக் கை, தானாகக் கழித்து எழுதிவிட்டது, மூட்டையில் இருப்பது நாற்பது என்றார்.

எண்பது.

அவள் ஏரியின் நடுவுக்கு ஓடினாள். முந்தானையை வீசினாள். அண்ணனுக்குத் தெரிந்தாலும் அவரால் என்ன செய்ய முடியும்? மூட்டைகள் அவர் கைக்கு எட்டாது. மேலே விமானத்தின் மூக்கு நிமிர்ந்தது. இறக்கை இரண்டும் ஆடின. கத்த வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. எஞ்சின் சத்தம் குறைந்தது. மூக்கு மெல்லத் தாழ்ந்தது. சத்தம் கூடியதும் மறுபடி நிமிர்ந்தது. அண்ணன் எஞ்சினைக் கூட்டியும் குறைத்துமே விமானத்தை இறக்கப் பார்க்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. விமானம் இறங்கும் பக்கமாக ஓடினாள்.

வால்தான் முதலில் தரையில் மோதியது. பின்சக்கரம் பிய்த்துக்கொண்டு தெறித்தது. விமானம் இரண்டு தடவை குதித்து, கருவேலம் புதருக்குள் புகுந்து நின்றது.

அவள் போய்ச் சேர்ந்தபோது எலியேசர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“சீலி, பின்னால எவ்வளவு?”

மூச்சிரைக்க வந்த துளசிங்கம் வாயெடுத்தார். அவள் கையை நீட்டி அவரை நிறுத்தினாள்.

“எண்பது. நான் கேக்கல அண்ணா. பாத்தேன், கேக்கல.”

இருவரும் எலியேசரைப் பிடித்து இறக்கினார்கள். அவர் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருடைய வலது கை மட்டும் இன்னும் எதையோ முன்னே தள்ளிக்கொண்டிருந்தது.