டீசல்காரர் வாங்கிய பெட்ரோல் கார்

கந்தப்பன் இருபத்தெட்டு வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவர். டீசல் வாசம் இல்லாத சட்டை அவரிடம் ஒன்றுகூடக் கிடையாது என்று லயத்து வீடுகளில் கேலி பேசுவார்கள். எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனுஷர் என்பதும் ஊரறிந்த சங்கதி. பெட்ரோல் கார் வைத்திருக்கும் துரைமாரைக் கண்டால், "காசு கொழுத்தவன் ஊத்துற எண்ணெ" என்று சிரிப்பார். அப்படிப்பட்டவர் இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் பங்குனி மாதத்தில், அட்டனில் ஒரு கராஜ் வாசலில், பெட்ரோலா டீசலா என்று முடிவெடுக்க முடியாமல் விழி பிதுங்கி நின்றார்.

கார் வாங்குகிற குடும்பம் இல்லை அது. மனைவி பேச்சியம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்துக்கு இரண்டு தடவை கண்டிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் பண்ண வேண்டும். தலவாக்கலையில் பஸ் ஏறிப் போவதை எப்படியோ சமாளித்துவிடுவாள். திரும்பி வருவதுதான் பாடு. வளைவுக்கு வளைவு வாந்தி. ஒரு நாள் நாவலப்பிட்டியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கியவள், ரோட்டோரத்திலேயே சேலையைச் சுற்றிக்கொண்டு படுத்துவிட்டாள். அன்றைக்குத்தான் கந்தப்பன், ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த காசில் ஒரு பழைய சின்னக் கார் வாங்குவது என்று முடிவு பண்ணினார்.

அதற்கு முன்பே, தைப்பொங்கல் கழிந்த வாரம், டாக்டர் அவரை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சிங்களத்தில் மெதுவாகச் சொல்லியிருந்தார். இருதயம் மிகவும் பலவீனம், எவ்வளவு செய்தாலும் ஒரு வருஷம்தான் என்று. கந்தப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டிலுக்குத் திரும்பினார்.

"ஒழுங்கா வந்து போனா பத்து வருசம் கூட இருக்கலாமாம், புள்ள" என்றார்.

தன் ஆயுளில் அவர் தாராளமாகக் கொடுத்தது அந்தப் பத்து வருஷம் ஒன்றைத்தான். பேச்சியம்மா அதை அப்படியே வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள். அதுவரை தொடாத கஞ்சியைக் குடித்தாள். கோழிக்குஞ்சு ஆறு வாங்கி விட்டாள். ஆசிரியர் கலாசாலையில் படிக்கிற மகள் சுலக்ஷனாவுக்கு எந்தப் பக்கத்தில் மாப்பிள்ளை பார்ப்பது என்று பேச ஆரம்பித்தாள். பொய்தான் அவளை நடமாட வைத்தது.

கராஜ்காரர் முத்துலிங்கம் யாழ்ப்பாணத்து ஆள். தொண்ணூற்றைந்துச் சண்டையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து அட்டனில் தொழில் பிடித்தவர். கை சுத்தம், வாய் சுத்தம். ஒரே மாதிரியான இரண்டு கார்களைக் காட்டினார். வெள்ளை பெட்ரோல், பச்சை டீசல்.

"ரெண்டும் நல்ல சாமான், அண்ணை. டீசல் தொண்ணூறாயிரம் விலை கூட. கிழமைக்கு ரெண்டு தரம் கண்டிக்கு ஓடுறதெண்டால் அந்தக் காசை மூண்டு வருஷத்திலை எண்ணெயிலையே எடுத்துப்போடலாம். பிறகு ஓடுறதெல்லாம் லாபம். ஆனா அதுக்கு முந்தி விக்கிறதெண்டால் டீசலைத் தொடாதேங்கோ. பழைய டீசலுக்கு விலை நிக்காது." பிறகு கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "எத்தினை வருஷம் ஓடுவியள்?"

தெரியாமல் கேட்டார், பாவம்.

"பத்து வருசம் ஓடணுங்க" என்றாள் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த பேச்சியம்மா, சிரித்துக்கொண்டே.

பெண்டாட்டி சந்தோஷத்துக்கு முன்னால் தொண்ணூறாயிரம் பெரிசா என்று நாம் கேட்கலாம். கேட்பது லேசு. அந்தத் தொண்ணூறாயிரத்தை விட்டால் கந்தப்பன் கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. நாளைக்கு இவள் இல்லாமல் போனபின், தாயில்லாத பெண்ணைக் கரையேற்ற அதுதான் இருந்தது. போகிறவளுக்காக ஒரு பொய்யை விலை கொடுத்து வாங்குவதா, இருக்கிறவளுக்காக அந்தக் காசை மிச்சம் பிடிப்பதா? இப்படி யோசிக்கிறோமே என்று தன்மீதே அவருக்கு அருவருப்பாக வந்தது. ஆனாலும் யோசித்தார்.

"இந்த வெள்ளையப் பாப்போம்" என்றார்.

"ஏங்க, பச்சைதானே டீசலு?"

"காலையில குளிருக்கு டீசலு லேசுல ஸ்டார்ட் ஆகாது."

"பனி கொட்டுன நாள்லகூட ஒங்க லொறி அஞ்சு மணிக்குக் கெளம்பிரும்."

"சத்தம் ஒனக்கு ஆகாது, புள்ள."

"அந்தச் சத்தம் மேட்டுல கேட்டாத்தான் நான் சோத்தப் போடுவேன். இருபத்தெட்டு வருசம்."

"பொகை வேற. வாந்தி வரும்."

"இதிலை புகையே இல்லை, அண்ணை. போன மாசம்தான் பம்ப் திருத்தினனான்" என்று முத்துலிங்கம் உதவிக்கு வந்தார். அவரைக் கந்தப்பன் பார்த்த பார்வையில் மனுஷர் வாயை மூடிக்கொண்டார்.

பேச்சியம்மா புருஷன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"சரிங்க. வெள்ளையே எடுங்க" என்றாள்.

தப்பித்தோம் என்றுதான் கந்தப்பன் நினைத்தார். கையெழுத்து, காசு, சாவி எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. கொட்டகலை தாண்டும்வரை அவர் வாய் ஓயவில்லை. சீட்டைச் சாய்த்துக்கொள்ளலாம், ஜன்னலை இறக்கிக்கொள்ளலாம், எஞ்சின் பூ மாதிரி இருக்கிறது என்று என்னென்னவோ பேசினார். அவள் கண்ணாடிக்கு வெளியே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தபடி வந்தாள்.

"ஏங்க" என்றாள்.

"ம்."

"நீங்க நட்டத்துக்கு ஒண்ணும் வாங்க மாட்டீங்க. கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து பாக்குறேன்."

கந்தப்பன் ரோட்டைப் பார்த்தார்.

"பத்து வருசம் ஓடுற காருன்னா நீங்க பச்சையத்தான் எடுத்திருப்பீங்க. யாரு ஒங்க கழுத்துல கத்தி வச்சாலும் அதத்தான் எடுத்திருப்பீங்க." குரலில் கோபமே இல்லை. "டாக்டரு எனக்கு எவ்வளவு நாளு சொன்னாரு?"

காரை ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினார். இன்னொரு பொய் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். இரண்டு மாசமாகச் சுமந்ததில் அவருக்கே தெம்பு தீர்ந்துபோயிருந்தது.

"ஒரு வருசம்."

"எப்ப இருந்து?"

"பொங்கலுக்குப் பொறகு சொன்னாரு."

அவள் மனசுக்குள் கூட்டிக் கழித்தாள். வெளியே பெண்கள் கூடைகளைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்தை நிறுக்கப் புறப்பட்டார்கள். கந்தப்பன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். சுலக்ஷனாவுக்காகத்தான், காசு அவளுக்குத்தான் என்று சொன்னார். பேச்சியம்மா அவர் முதுகில் கை வைத்தாள். தப்பு என்று சொல்லவில்லை. காசு வேண்டும்தான் என்றாள்.

அப்புறம் கையை எடுத்துக்கொண்டாள்.

"ஆனாலும் பச்சைய எடுத்திருக்கலாங்க" என்றாள். "நான் தெரியாமயே போயிருப்பேன்."