வினைமுற்று வரும்வரை

1

இந்தக் கதை எனக்காகத் தோன்றியதல்ல. ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கினார்கள். லிஃப்ட் மெக்கானிக்கான என் தம்பிக்கு மூளையின் இடப்பக்கம் ஒரு கட்டி. பேச்சு உண்டாகும் இடத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது, சனியன். அந்த இடம் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கும் என்று முன்பு நினைத்தார்களாம்; ஆளுக்கு ஆள் மாறும் என்று இப்போது தெரிந்திருக்கிறது. அதனால் நாளை அவனை விழிக்க வைத்து, பேசவிட்டுக்கொண்டே அறுவை செய்வார்கள். மெல்லிய மின்சாரத்தால் ஒவ்வோர் இடமாகத் தொடுவார்கள். எங்கே தொடும்போது சொல் தடுக்குகிறதோ அங்கே கத்தி போகாது. பேச்சு போகும் என்றால் கட்டியின் மிச்சம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று தம்பி சொல்லிவிட்டான். மிச்சம் விட்டால் அது மறுபடி வளரும்.

பேசுவதற்கு ஒரு கதை வேண்டுமாம். ஸ்பீச் தெரபிஸ்ட் வாக்கியத்தைப் பாதி படிப்பார், அவன் முடிக்க வேண்டும். எழுத்தாளர்தானே, நீங்களே எழுதிக் கொடுங்கள் என்றார். நானும் தலையை ஆட்டித் தொலைத்தேன்.

2

முதல் தொடக்கம்: மேலே போன லிஃப்ட் பாதியில் [வேண்டாம். பாதியில் நிற்பதைப் பற்றி இவனிடமா?]

இரண்டாவது: மேனேஜரின் நாய் லிஃப்டுக்குள் புகுந்து [இந்த வரியையும் அடித்துவிட்டேன். சிரித்தால் உடம்பு குலுங்கும். தலையை இறுக்கிப் பிடித்திருப்பார்கள்.*]

* அழவும் கூடாது. அப்படி ஒரு கதை எழுதிப் பாருங்கள், தெரியும்.

3

மூன்றாவதை அவனிடமே சோதித்தேன். "மெக்கானிக் கதவைத் திறந்ததும் உள்ளே இருந்த பெண்" என்று படித்து நிறுத்தினேன். அவன் வாயே திறக்கவில்லை.

"என்னடா, வார்த்தை வரலையா?"

"வருதுக்கா. அவ அழுதாளா, திட்டினாளான்னு நீ சொல்லவே இல்லையே. நான் எதைன்னு சொல்றது?"

அப்போதுதான் உறைத்தது. என் வாக்கியம் சரியில்லாமல் அவன் தயங்கினால், மின்சாரத்தால் தயங்கினான் என்று எண்ணி, எடுக்க வேண்டிய கட்டியை டாக்டர் விட்டுவிடுவார். சரி, தூக்கத்தில்கூடச் சொல்கிற மாதிரி எழுதினால்? உண்மையான தடுமாற்றம் வெளியே தெரியாமல் பேச்சையே வெட்டிவிட்டால்? ஒன்றுக்கு மூன்று முறை தொட்டுப் பார்ப்போம் என்று தெரபிஸ்ட் சமாதானம் சொன்னார். எனக்குச் சமாதானம் ஆகவில்லை. விமர்சகர்கள் கிழித்தபோதெல்லாம் நிம்மதியாகத் தூங்கியவள் நான். இப்போது ஒரு கமாவைப் பார்த்துப் பயப்படுகிறேன்.

4

முடிவு (அ): அந்தப் பெண் மெக்கானிக்குக்கு நன்றி

முடிவு (ஆ): அவள் படியிலேயே இறங்கி

[யார் இந்தப் பெண்? எனக்கே தெரியாது. போகட்டும், அவளை நீக்கிவிட்டேன்.]

செய்தது யார், அவனா அவளா, நடந்துவிட்டதா இனிதானா, எல்லாம் நம் மொழியில் கடைசிச் சொல்லில்தான் தெரியும். அதுவரை வாக்கியம் காத்திருக்கும். இத்தனை வருஷம் அந்தச் சொல்லை யோசிக்காமலே போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் தேறியது. எளிதா, கடினமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இதை எப்படி வேண்டுமானாலும் முடிக்கலாமே, தப்பில்லையா என்று தெரபிஸ்டிடம் கேட்டேன்.

"என்ன சொன்னாலும் சரிதாம்மா. ஏதாவது சொல்லணும், அவ்வளவுதான்."

இதுதான் அது:

கதவு திறந்ததும், வெளியே நின்ற என்னைப் பார்த்து, தம்பி "அக்கா" என்று

உங்களுக்கு வாய்வரை வந்திருக்கும். தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். முதலில் அவன் சொல்லட்டும்.